போகாதே என்று சொல்லப்பட்டவர்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

அன்னாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருமாறு அவருடைய பிள்ளைகள் என்னைக் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். பண்பாளர், பழகுவதற்கு இனியவர், பிறர்க்கு உதவுவதில் முன்னிற்பவர் என்று எல்லா நினைவு மலர்களிலும் காணப்படுவனவற்றையே நானும் எழுதினேன். அவற்றில் பொய் எதுவும் இல்லை. எனினும் அதனை எழுதிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சில் இருந்தது வேறொன்று. அது மலரில் அச்சேறத் தக்கதன்று. ஆதலால் அதனை, மலரைத் தொகுக்கும் உங்களுக்குத் தனியாக எழுதுகின்றேன். அவருடைய பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான வாய்களில் இருக்கின்றது.

நான் அவர்மீது பொறாமை கொண்டவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. அவருக்கு என்னிலும் பெரிய வீடு இருக்கவில்லை. அவர் ஹவுகெட்டோவில், ரயில் நிலையத்துக்கு மேலேயுள்ள சரிவில், ஓர் அடுக்குமாடியில் இருந்தார். நான் ஒஸ்லோவின் மறுகோடியில், நிலக்கீழ் ரயில் இனிப் போவதற்கு இடமில்லையென்று நின்றுவிடுகின்ற வெஸ்ட்லியில், இன்னோர் அடுக்குமாடியில் இருக்கின்றேன். கல்வியிலும் அவர் என்னை மிஞ்சியவரல்லர். இருவருமே பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோர்வேஜிய மொழியைப் பிழையின்றிப் பேசக் கற்றுக்கொண்டவன் நான்தான். அவருக்குக் கடைசிவரை அது சரியாக வாய்க்கவில்லை. அப்படியிருந்தும், இந்த நாட்டில் ஒரு சொல் அவருக்குச் சொல்லப்பட்டது. எனக்குச் சொல்லப்படவில்லை. அந்தச் சொல்லை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவனும் நானே.

அதனை விளக்குவதற்கு முன்னர் அவருடைய ஒரு குணத்தைச் சொல்லவேண்டும். அவர் எந்த இடத்திலிருந்தும் விடைபெறாமல் போகமாட்டார். சொல்லிக்கொண்டு போவது எம்மவர் எல்லாரிடத்திலும் உள்ள வழக்கந்தான். ஆயின் அவருக்குத் தாம் சொல்வது மட்டும் போதாது. மற்றவர் வாய்திறந்து "போட்டு வாரும்" என்று சொல்லவேண்டும். அதுவரையில் அவர் நகரமாட்டார்.

வெஸ்ட்லியில் என் வீட்டுக்கு வந்தால், புறப்படும்போது ஒரு காலில் மட்டும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். என் மனைவி அடுப்படியில் நின்றபடியே, "ஓம் அண்ணை, போட்டு வாங்கோ" என்பாள். அது அரைவாசிதான். என்னிடமிருந்தும் வரவேண்டும். நான் சிலவேளைகளில் வேண்டுமென்றே தொலைக்காட்சியைப் பார்த்தபடி பேசாமலிருப்பேன். அவர் சலிக்கமாட்டார். மற்றக் காலில் காலுறையோடு, கதவைப் பிடித்துக்கொண்டு, காலநிலையைப் பற்றி ஏதேனும் கதைத்துக்கொண்டு நிற்பார். அவர் பிடிக்கவேண்டிய ரயில் போய்விடும். அடுத்ததும் போய்விடும். ஈற்றில் நான்தான் தோற்று எழுந்து வருவேன். அவர் போனபின் என் மனைவி சொல்லுவாள்: "இந்த மனிசன் சாகிற நேரமும் யமனை வாசல்லை நிக்கவைச்சிட்டு, ஒவ்வொரு வீடாய்ச் சொல்லிப்போட்டுத்தான் போகும்."

பித்தப்பையில் கல்லெடுத்து அவரை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விட்ட நாளில், அழைத்துவரச் சென்றவன் நான். மேலங்கியும் போட்டுப் பொத்தானும் பூட்டிக்கொண்டு அவர் கதிரையில் அமர்ந்திருந்தார். போகலாமே என்றேன். பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நோர்வேஜியக் கிழவரைக் கண்ணால் காட்டினார். அவர் விழிக்கட்டுமாம். அந்தக் கிழவரோடு அவர் கதைத்ததெல்லாம் சாப்பாட்டுத் தட்டைப் பற்றி மட்டுமே. நானும் அமர்ந்திருந்தேன். கிழவர் விழித்தார், மேலங்கியுடன் ஒருவர் தம்மை வணங்கி நிற்பதைக் கண்டு திகைத்தார், பிறகு கையை நீட்டி, போய் வா என்றார். அப்போதுதான் எங்களால் வெளியே வர முடிந்தது. வரும் வழியில் எனக்குச் சினமாக இருந்தது. ஆயினும் அந்தக் கிழவர் கையை நீட்டியபோது எங்கள் மனிதரின் முகத்தில் தோன்றிய ஒளியை நான் மறக்கவில்லை. என்னிடம் அப்படி ஒருவரும் கையை நீட்டியதில்லை.

இனி வடக்கு. இந்நாட்டின் வடகோடியில் ஒரு சிறிய மீன்பிடி ஊர். அவ்வூரின் ஆட்சிமன்றத்தை நாங்களும் கொம்மூன் என்றே சொல்லுவோம். அந்தக் கொம்மூன்தான் அகதிகளாக வந்த எங்கள் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று அழைத்தது. மீன் தொழிற்சாலை வேலை தந்தது. கொம்மூன் வீடு தந்தது. வேறு ஊருக்கு மாறினால் வீடும் உதவியும் போய்விடும் என்பது நிபந்தனை. அவரும் நானும் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக நின்று மீன் வெட்டினோம். சூரியன் வராத மாதங்களில் என் மனைவி யன்னல் திரைச்சீலையைத் திறப்பதையே விட்டுவிட்டாள். எங்கள் மகள் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் இருந்தாள். அவருடைய பிள்ளைகள் இருவரும் அதே பள்ளிக்கூடந்தான்.

எல்லாருக்கும் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்த அந்தக் கோடையில், தொழிற்சாலை உணவறையில் வேறு பேச்சே இருக்கவில்லை. இந்த ஊர் அழைத்து வந்தவர்கள், நிரந்தரம் கிடைத்தபின் ஒஸ்லோவுக்கு மாறலாமா, கூடாதா? மாறினால் அனுமதியைத் திருப்பிப் பறித்துவிடுவார்கள் என்றார் ஒருவர். பறிக்கமாட்டார்கள், ஆனால் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி போட்டுவைத்து, பிறகு குடியுரிமை கேட்கும்போது காட்டுவார்கள் என்றார் இன்னொருவர். இவர்களுடைய பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நான் ஒருநாள் விடுப்பெடுத்து, பஸ்ஸில் அடுத்த பட்டினத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், அனுமதிகள் கொடுக்கும் பெண்மணியிடம் நேராகவே கேட்டேன். நிரந்தர அனுமதி உள்ளவர் நோர்வே முழுவதிலும் எங்கும் வாழலாம். அழைத்த ஊரிலேயே இருக்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்றார் அவர்.

மறுநாள் இதனை நான் உணவறையில் எழுந்து நின்று அறிவித்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன எதனையும் மனிதர் அவ்வளவு மகிழ்ச்சியோடு கேட்டதில்லை. அவர் மட்டும் கத்தியைக் கழுவிக்கொண்டே, "சட்டம் விட்டிட்டுது, சந்தோசம். ஊர் விடவேணுமெல்லே, ஐசே?" என்றார்.

"ஊருக்கென்ன வாயோ இருக்கு, விடுறதுக்கு?" என்றேன்.

"கேட்டாத்தானே தெரியும்" என்றார்.

அவர் செய்ததை நம்மவரைத் தவிர வேறு எவரும் செய்திருக்கமாட்டார். வீட்டில் மீன் றோல்ஸ் சுடுவித்து, அவற்றை ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ஒருவரும் கேட்காத அனுமதியைக் கேட்பதற்காகக் கொம்மூன் தலைவரிடம் புறப்பட்டார். மொழிபெயர்க்க என்னையும் அழைத்தார். அந்தத் தலைவரும் ஒரு மீனவரே. கம்பளிச் சட்டையுடன் மேசைக்குப் பின்னால் இருந்தார். நான் விடயத்தைச் சொன்னேன். அவர் வியப்புடன், இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லையே, சட்டம் உங்களைத் தடுக்காதே என்றார். அதனை நான் மொழிபெயர்த்தேன். எங்கள் மனிதர் தலையை ஆட்டி, சட்டத்தை நான் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்கிறேன் என்று சொல்லுமாறு கூறினார். அதனையும் சொன்னேன்.

தலைவர் ஒரு றோல்ஸைக் கடித்தார். உறைப்பில் முகம் சிவந்து, தண்ணீர் குடித்தார். யன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் தெரிந்தது. அதனைக் காட்டி, தாழ்ந்த குரலில் சொன்னார். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் போனால் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பள்ளிக்கூடம் மூடினால் இளம் குடும்பங்கள் நில்லா. பிறகு ஊரே இராது. இவருடைய இரண்டு பிள்ளைகள் நின்றால் அது தப்பக்கூடும். சட்டத்தைக் கேட்டால் போகலாம். என்னைக் கேட்டதால் சொல்கிறேன்.

கடைசியில் அவர் சொன்னது இரண்டே சொற்கள். அதனை எப்படித் தமிழாக்குவது என்று நான் ஒரு கணம் தயங்கினேன். பிறகு, "'போகாதேங்கோ' எண்டு சொல்லுறார்" என்றேன்.

எங்கள் மனிதரின் முகத்தில் அந்த ஒளி வந்தது. "அப்ப சரி. நிக்கிறன் எண்டு சொல்லும்."

தலைவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் எப்படி என்று கேட்டார். நான் போவதென்று தீர்மானித்துவிட்டேன் என்றேன். அவர் எழுந்து கையைக் குலுக்கி, நல்லபடி வாழுங்கள் என்றார். ஒரே அறையில், ஒரே நேரத்தில், அவருக்குத் தடை கிடைத்தது; எனக்கு வாழ்த்துக் கிடைத்தது. ஐயா, வாழ்த்து எவருக்கும் கிடைக்கும்.

நான் போனது பிழையென்று இன்றும் எண்ணவில்லை. என் மனைவிக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. ஒஸ்லோவில் அவளுக்கு அது கிடைத்தது. மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் கிடைத்தது. நான் கேட்கவில்லை, ஆகையால் எனக்குச் சொல்லப்படவில்லை என்று நீங்கள் கூறலாம். கேட்காமலே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வழக்கு. நாங்கள் கப்பலேறிய காலையில் துறைமுகத்துக்கு வந்தவர் அவர் ஒருவரே. மேற்பார்வையாளரிடம் விடைபெற்று, மீன் மணக்கும் உடுப்போடு வந்து நின்று, நான் கேட்காமலே "போட்டு வாரும்" என்றார்.

அவருடைய இளைய பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தை முடிக்கும்வரையில் அவர் அங்கேயே இருந்தார். அதற்குள் வேறு நாடுகளிலிருந்து வேறு குடும்பங்கள் வந்து சேர்ந்தன, பள்ளிக்கூடம் தப்பியது. அதன்பின் அவர் மீண்டும் தலைவரிடம் போய்க் கேட்டாராம். இம்முறை விட்டார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் விருந்து வைத்து, ஊர்ப் பெண்கள் பின்னிய கம்பளிச் சட்டையொன்றை அவருக்கு அணிவித்து அனுப்பினார்கள். அந்தப் படம் ஹவுகெட்டோ வீட்டில், சப்பாத்துக் கழற்றும் இடத்துக்கு நேரே தொங்கியது. சப்பாத்தைக் கழற்றும்போது ஒரு தரம், போடும்போது ஒரு தரம் நான் அதனைப் பார்க்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு மாரியிலும் அங்கிருந்து அவருக்கு உலர்ந்த மீன் வரும். எனக்கும் பங்கு கொண்டுவந்து தருவார். என் மனைவி அதனைத் தேங்காய்ப்பாலில் சமைப்பாள். மிகவும் சுவையாக இருக்கும். அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஒருநாள் ஒஸ்லோவின் குறொன்லாண்டுப் பகுதியில், எம்மவர் கடையொன்றின் வாசலில், இருவரும் முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நின்றோம். தெருவில் போன ஒரு நோர்வேஜியர் கூவிக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அந்த வடக்கூர்க்காரர். பிறகு மரியாதைக்காக என்னையும் விசாரித்தார். நானும் அதே தொழிற்சாலையில், இவருக்குப் பக்கத்திலேதான் பல ஆண்டுகள் நின்றேன் என்று, பிழையற்ற மொழியில் கூறினேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, கனிவுடன், "ஆம், அந்நாட்களில் பலர் வந்தார்கள்" என்றார். நான் முருங்கைக்காய் வாங்காமலே வீட்டுக்குப் போனேன்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. பொறுக்கமுடியாதது போன ஆண்டு வந்தது. என் மகள் ஒஸ்லோவில் படித்து ஆசிரியையாகி, இங்கேயே கற்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அப்பா, எனக்கு வடக்கிலை ஒரு லேரர் வேலை சரிவந்திருக்கு" என்றாள். ஆசிரியை வேலை, அதே ஊரில், அதே பள்ளிக்கூடத்தில். அவர் நின்றதால் நின்றுகொண்டிருக்கும் பள்ளிக்கூடம். எந்த இருட்டிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேனோ, அந்த இருட்டுக்கே திரும்பிப் போகப் போகிறாளாம். நான் எழுந்து உள்ளே போனேன். அடுப்படியில் என் மனைவிதான் வாய் தவறிச் சொன்னாள், பிள்ளை இதனைப் பற்றி முதலில் ஹவுகெட்டோ மாமாவிடம் போய்க் கதைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று.

மறுநாளே ஹவுகெட்டோவுக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"என்ரை பிள்ளையைப் போகச்சொல்ல நீர் ஆர்?"

"நான் போகச் சொல்லேல்லை. முதல் இரும்."

"அவள் முதல் வந்தது உம்மட்டையெல்லோ?"

"ஓம், வந்தவள். உம்மட்டை எப்பிடிக் கேக்கிறதெண்டு கேக்க வந்தவள்."

அவருடைய மனைவி தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நான் சொன்னது இதுதான். சட்டப்படி உனக்கு ஆரின்ரை அனுமதியும் தேவையில்லைப் பிள்ளை. ஆனா அப்பா வாய் திறந்து சொல்லாமல் வெளிக்கிடாதை. அவர் சொல்லாட்டில் நில் எண்டன்."

"நான் சொல்லாட்டில்?"

"நிப்பாள்."

தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன். விடைபெறாமலே படியிறங்கினேன். இரண்டு தளம் இறங்கியபின்னர், மேலே கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்து அவர் "போட்டு வாரும்" என்று சொல்லுவது கேட்டது.

அவர் சொன்னபடியே மகள் நின்றாள். பள்ளிக்கூடத்தார் மறுமொழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் காத்திருக்கச் சொன்னாள். ஞாயிறுதோறும் வந்தாள், உண்டாள், பாத்திரம் கழுவினாள். அதனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. என் ஒற்றைச் சொல்லுக்காக ஒருவர் காத்திருப்பது எத்தகைய பெருமை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அதனை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஈற்றில் என் மனைவி சொன்னாள்: "அந்தாள் ஒத்தைச் சப்பாத்தோடை நிண்ட மாதிரி, பெத்த பிள்ளையை வாசல்லை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள். அந்தாளுக்காவது நீங்கள் எழும்பிப் போனனீங்கள்."

அடுத்த ஞாயிறு மகள் மேலங்கியை எடுத்தபோது நான் எழுந்து வாசலுக்குப் போனேன். போட்டு வா என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"போகாதை" என்றேன்.

அவள் மேலங்கியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். யோசித்துப் பார்த்தால், அந்தச் சொல்லை நான் ஒருமுறை பிறருக்காக மொழிபெயர்த்ததைத் தவிர, என் வாழ்நாளில் எவருக்கும் சொன்னதில்லை. சொன்ன பின்னர் நெஞ்சில் ஓரளவு இடம் உண்டாயிற்று.

"நான் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன். இனிப் போட்டு வா" என்றேன்.

அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. எனினும் சிரித்தாள். "மாமா சொன்னவர் அப்பா. 'அப்பா முதல் போகாதை எண்டுதான் சொல்லுவார். அதைக் கேட்டிட்டுப் போ. அங்கை இருட்டுக்கை உனக்கு அது வேணும்' எண்டவர்."

என் வீட்டு வாசலில், என் பிள்ளைக்கு, என் வாயிலிருந்து வந்த சொல். அதனைக்கூட அவர் எனக்கு முன்னரே அவளிடம் கொடுத்துவைத்திருந்தார். அந்த மனிதர்மீது எனக்குண்டான பொறாமை அன்றுதான் உச்சத்தை அடைந்தது.

அவர் இறந்தது ஒரு காலைப்பொழுதில், திடீரென்று, பல்கனியில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கையில். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இறுதிக்கிரியையில் எல்லாரும் அதனையே சொல்லிச் சொல்லி அழுதார்கள். வடக்கிலிருந்து ஒரு கூட்டம் விமானத்தில் வந்திருந்தது. என் மகளும் அவர்களோடு வந்தாள். அந்தப் பழைய கொம்மூன் தலைவரும் ஊன்றுகோலுடன் வந்திருந்தார். வரிசையில் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டு வந்தவர் எனக்கும் கைகொடுத்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மொழிபெயர்த்தவரை எவர் நினைவு வைத்திருப்பார்?

மகள் அருகில் வந்து, இவர்தான் என்னுடைய அப்பா என்றாள்.

கிழவர் ஊன்றுகோலை மகளிடம் கொடுத்துவிட்டு, என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார், பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்பதைச் சொன்னார். பிறகு, "இவளை நாங்கள் போக விடமாட்டோம்" என்றார்.

நான் இத்தனை ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த சொல் அதுதான். கொம்மூன் தலைவரின் அதே வாயிலிருந்து, என் முகத்தைப் பார்த்து, என் குருதிக்குச் சொல்லப்பட்டது. அதே சொல்லால் என் பிள்ளை எனக்கு இனி இல்லையென்றும் ஆயிற்று. பிழையற்ற மொழி அப்போது உதவவில்லை. பெட்டியில் படுத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஊர்க் கம்பளிச் சட்டையை அணிவித்திருந்தார்கள். அவராயிருந்தால் சரியான மறுமொழியைச் சொல்லியிருப்பார் என்று எண்ணினேன். அந்நேரத்திலும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

எல்லாரும் வெளியேறியபின் அவருடைய பெட்டியருகே நின்றேன். அவர் கேட்காமல் போனதால், போட்டு வாரும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

ஐயா, அம்மணி, இதனை மலருடன் சேர்க்கவேண்டாம். ஆயினும் எறிந்துவிடாமல் எங்கேனும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.